சளிக்கு அணைத்த ஹீட்டர்

டிரைவர் அய்யாவுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு சிவக்கும், பிறகுதான் வாய் திறக்கும். அன்று காலை ஹெப்பாளில் இரண்டும் ஒன்றாக நடந்தன. ஊட்டிச் சவாரி முடித்து, உள்ளேயே படுக்கை வைத்த கேம்பர் வேனை முதலாளியின் கொட்டகைக்குள் கொண்டுவந்து நிறுத்தியவரை வா என்றுகூடச் சொல்லாமல், முதலாளி பசவராஜ் கையை நீட்டிச் சாவியைக் கேட்டார். இனிமேல் இந்த வண்டியை இன்னொரு டிரைவர் சித்தையன் ஓட்டுவான் என்றார்.

ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அய்யாவு. லாரி ஓட்டினார், கம்பெனி பஸ் ஓட்டினார், கடைசியில் இந்த வேனுக்கு வந்தார். குடும்பம் மண்டி மொஹல்லாவில். வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம். இரண்டும் ஒரே வாயில் குடியிருப்பதால் ஒன்றின் சாமான் இன்னொன்றின் அறைக்குள் போய்விடுவது உண்டு. "ஏனுங்க, பேரம் பேசறப்ப கன்னடம், திட்டறப்ப மட்டும் தமிழுங்களா?" என்று மனைவி வடிவு கேலி செய்வார். ஆனால் ஸ்டீயரிங்கைப் பிடித்துவிட்டால் அய்யாவிடம் ஒரு குறை சொல்ல முடியாது. பிள்ளைகுட்டியோடு மலைக்குப் போகிறவர்கள் அவர் பெயரைச் சொல்லித்தான் வண்டி கேட்பார்கள். அவர் சேர்த்த சொத்து என்று ஒன்று உண்டென்றால் அந்தப் பெயர்தான்.

வேனுக்குள் ஒரு மின்சார ஹீட்டர் உண்டு. முகாமில் பிளக் பாயின்ட் இருந்தால் அதில் செருகுவார்கள், இல்லாவிட்டால் பவர் ஸ்டேஷன். பெயர்தான் பெரிது. பார்த்தால் இட்லிப் பானை உயரத்தில், கைப்பிடி வைத்த ஒரு பேட்டரிப் பெட்டி. போன், விளக்கு எல்லாவற்றுக்கும் தாராளமாகக் கொடுக்கும். ஹீட்டரைச் செருகினால் போதும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் திரையில் எண் சரியும். வேனின் பக்கவாட்டிலோ, இரவு முழுக்கக் கதகதப்பு என்று கொட்டை எழுத்தில் விளம்பரம். அது பொய் என்று அய்யாவு பலமுறை சொல்லியிருக்கிறார். யார் போய் அளந்து பார்க்கப் போகிறார்கள் என்று பசவராஜ் சிரித்து மழுப்பிவிடுவார். அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டு மலையேறுவது அய்யாவுக்கு எப்போதும் எரிச்சல்.

இந்தமுறை வந்தவர்கள் முரளிதரன், தாரணி, அவர்களுடைய சின்ன மகள். குழந்தைக்கு அடிக்கடி இளைப்பு வரும். ஊட்டிக்கு அப்பால் முகாமில் வண்டியை நிறுத்திய அன்று மாலையே மழையும் காற்றும் சேர்ந்து கரண்டைக் கொண்டுபோயின. குழந்தையின் நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விசில் அடித்தது. மருந்தை ஆவியாக்கி மூச்சில் ஏற்றும் நெபுலைசர் தாரணியின் கையில் இருந்தது. விட்டு விட்டுப் பலமுறை வைக்கும்படி டாக்டர் போனில் சொல்லிவிட்டார். அதற்கும் கரண்ட் வேண்டும், ஹீட்டருக்கும் வேண்டும். இருப்பதோ ஒரே பெட்டி.

முரளிதரன் தயங்கி நின்றார். அய்யாவு தாரணியைத்தான் கேட்டார். "ஏனுங்கம்மணி, சூடு வேணுமா, மூச்சு வேணுமா? ரெண்டுக்கும் இந்தப் பொட்டி தாங்காதுங்க." மூச்சு என்றார் தாரணி. அய்யாவு ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கினார். தன் கம்பளியைக் குழந்தைக்குப் போர்த்தினார். கதவிடுக்கில் துண்டைத் திணித்தார். கேட்டபோதெல்லாம் பெட்டி நெபுலைசரை ஓட்டியது. விடிவதற்குள் விசில் அடங்கியது. ஊர் திரும்பி அவர்களை வீட்டில் இறக்கிவிட்டபோது, கம்பளியைத் துவைத்துத் தருவதாகத் தாரணி வாங்கி வைத்துக்கொண்டார்.

வண்டியில் எதை அணைத்தாலும் முதலாளிக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். அய்யாவும் முகாமிலிருந்தே போனில் சொல்லியிருந்தார். அந்த ஒரு போனுக்குத்தான் இப்போது கையை நீட்டுகிறார் பசவராஜ். குளிரில் நடுங்கும் குழந்தைக்கு ஹீட்டரை அணைக்கிற கல்நெஞ்சனுக்கு இங்கே வேலை இல்லை என்றார். டிரைவர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் அதையே பேசிப் போட்டாகிவிட்டது. சித்தையன் உட்பட எல்லோரும் கேட்டாகிவிட்டது.

அய்யாவு கொதித்துப் போனார். யார் கட்டிய கதை இது என்று கேட்டார். நீயேதான் சொன்னாய் என்று பசவராஜ் தன் போனில் பதிவாகியிருந்த பேச்சை ஒலிக்கவிட்டார். மழை இரைச்சலுக்கு நடுவே அய்யாவின் குரலே கேட்டது.

"மகுகெ சளி ஸார், அதக்கே ஹீட்டர் ஆஃப் மாடிதெ."

தமிழில் சளி என்றால் நெஞ்சில் கட்டுவது. கன்னடத்தில் சளி என்றால் குளிர். குழந்தைக்கு நெஞ்சுச்சளி என்று சொல்ல நினைத்தவர், அவசரத்தில் வீட்டுச் சொல்லைக் கன்னடத்துக்குள் போட்டுவிட்டார். குழந்தைக்குக் குளிர்கிறது, அதனால்தான் ஹீட்டரை அணைத்தேன் என்று முதலாளியின் காதில் விழுந்திருக்கிறது. அதற்குள் லைனும் அறுந்திருக்கிறது.

அய்யாவு நடந்ததைச் சொன்னார். பசவராஜுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒரு சொல் பண்ணிய வேலை, மறந்துவிடு, நாளைக்கே வண்டியை எடு என்று தோளில் தட்டினார்.

தட்டிய கையை அய்யாவு விலக்கினார். தன்னிடம் நடந்தது சொற்பிழை. இந்த மனிதரிடம் நடந்தது என்ன? இத்தனை காலம் கூட இருந்து பார்த்தவர், பச்சைக் குழந்தையைக் குளிரில் போடுவான் இவன் என்று ஒரே சொல்லில் நம்பியிருக்கிறார். ஏன், எதற்கு என்று ஒரு மறுபோன் போடவில்லை. ஊருக்கெல்லாம் சொல்ல மட்டும் நேரம் இருந்திருக்கிறது. வேண்டுமானால் தாரணியைக் கேட்டுவிடுகிறேன் என்று பசவராஜ் போனை எடுத்தபோது அய்யாவுக்குக் கோபம் இன்னும் ஏறியது. தான் மனிதன்தான் என்பதற்கு வாடிக்கையாளரிடம் சான்று வாங்க வேண்டுமா? வேண்டாம் என்றார். குழுவில் சொன்னதைக் குழுவிலேயே திருத்துங்கள், அதுவரை சாவியைத் தொட மாட்டேன் என்று அதை பானெட்மேல் வைத்தார்.

அதற்கென்ன என்று பசவராஜ் போனை வாயருகே பிடித்தார். நம் அய்யாவின் கன்னடம் இருக்கிறதே என்று தொடங்கும்போதே சிரிப்பு பீறிட்டது.

அய்யாவு கையமர்த்தினார். இந்தமுறை ஒரு தமிழ்ச் சொல்லும் கலக்காமல், நிறுத்தி நிதானமாகக் கன்னடத்தில் சொன்னார்.

"என்னைத் திட்டும்போது நீங்கள் சிரிக்கவில்லை ஸார். இதையும் சிரிக்காமல் சொல்லுங்கள்."

பசவராஜ் பேசியதை அழித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.