முன்கல்

கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பெரிய கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு ஓட்டலில் பதினான்கு வருடமாகத் தோசை மாஸ்டராக இருக்கிறேன். சொந்த ஊர் வள்ளியூர் பக்கம். இங்கே மலையாளிகளுக்குத் தமிழ்க்காரன் என்றால் பாண்டி. முதலாளிக்கும் சப்ளையருக்கும் பாத்திரம் கழுவும் சேச்சிக்கும் நான் பாண்டிதான். பாசமாகத்தான் சொல்வார்கள். பாசமாகச் சொல்பவனிடம் எப்படிச் சண்டை போடுவது?

ஓட்டலில் இரண்டு தோசைக்கல். உள்ளே புகைக்குள் கிடப்பது என்னுடையது. இன்னொன்று வாசலில், தெருவைப் பார்த்து. அதுதான் முன்கல். அதில் நின்ற மாஸ்டர் துபாய்க்குப் போனதும் இடம் எனக்குத்தான் என்று இருந்தேன். புதுச் சட்டைகூட எடுத்து வைத்தேன்.

அப்போது பரோட்டா போட ஒடிசாக்காரன் ஒருவன் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வடக்கிலிருந்து யார் வந்தாலும் இங்கே பெங்காலிதான். முதல் நாள் முதலாளி, "பெங்காலி, இவிடெ வா" என்றார். அவன் மாவு பிசைவதை நிறுத்தவில்லை. "பெங்காலி அல்ல, ஒடியா" என்று சொல்லித் தன் பெயரையும் சொன்னான். அதன்பின் பெயர் சொன்னால்தான் திரும்புவான். ஒரே வாரத்தில் எல்லோரும் வழிக்கு வந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. நான் ஒருநாளும் வாய் திறந்து கேட்காததை அவன் வாங்கிவிட்டான்.

இதற்குள் அவன் தோசை சுடவும் பழகியிருந்தான்; முன்கல்லுக்கு அவன் பெயர் அடிபட்டதும் முதலாளியிடம் போனேன்.

"கோயிலுக்கு வாரவங்க பெங்காலி சுட்ட தோசைய தின்பாங்களா மொதலாளி?"

"அவன்றெ தோச நீ கண்டோ? போயி பணி நோக்கு, பாண்டி."

முன்கல் அவனுக்குப் போனது.

மறுநாள் காலை நல்ல கூட்டம். என் கல்லில் நாலு மசால் தோசை. மசாலாச் சட்டி அவன் பக்கம்.

"பெங்காலி, மசாலா எடு."

திரும்பவில்லை. இன்னொரு தடவை கத்தினேன். தோசை கருக ஆரம்பித்தது. சப்ளையர் எட்டிப் பார்த்து, "எந்தா பாண்டி, உறங்கியோ?" என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு ஒடிசாக்காரனின் பெயரைச் சொன்னேன். உடனே திரும்பிச் சட்டியை நீட்டினான்.

"இந்தா, பாண்டி சேட்டா."

சேட்டா என்றால் அண்ணா. மரியாதையாகத்தான் சொன்னான். பாண்டி என்பதே என் பெயர் என்று இத்தனை நாளும் நினைத்திருக்கிறான். வேறு பெயர் உண்டு என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? நான் சொன்னேனா?

"அது என் பேரில்ல" என்று சொல்லி என் பெயரைச் சொன்னேன். தப்பாகச் சொல்லிப் பார்த்தான். திருத்தினேன். சரியாகச் சொன்னான்.

கருகியதைச் சுரண்டி எறிந்துவிட்டு மறுபடி மாவு ஊற்றினேன். முன்கல் இன்றும் அவனிடம்தான். வயிற்றெரிச்சலும் போகவில்லை. ஆனால் இப்போது மனசுக்குள் திட்டும்போதுகூட அவனைப் பெயர் சொல்லித்தான் திட்டுகிறேன்.