அவர் பெயரில் நான் வைத்த வேண்டுதல்

சென்ற ஆண்டு, சிரம்பானிலிருந்து அரை மணி நேரம் தள்ளியிருக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் நடந்தது இது. என் கணவர் பிறந்து வளர்ந்த தோட்டம். இப்போது அங்கே நம் ஆட்கள் நாலைந்து குடும்பம்கூட இல்லை. நாங்களே அம்பாங்கானில் தாமான் குடியிருப்பில் வீடு வாங்கி வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் திருவிழா என்றால் நீலாய், ராசா, கோலாலம்பூர் என்று எங்கெங்கோ இருப்பவர்கள் எல்லாம் அங்கே வந்து இறங்கிவிடுவார்கள்.

முதலில் என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் வாக்கை நான் எடுத்துக் கொடுத்துவிடுவேன். அப்படி ஒரு பழக்கம். பக்கத்து வீட்டில் கல்யாணம் என்றால், "எங்க வீட்டுக்காரரு வந்து கொட்டகை போட்டுக் கொடுப்பாரு" என்பேன். நாத்தனார் மகனுக்குக் கணக்கு வரவில்லை என்றால், "எம் பொண்ணு சனிக்கிழமை சனிக்கிழமை வந்து சொல்லிக் கொடுப்பா" என்பேன். வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னால் இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொண்டதைச் செய்யத் தெரியாத குடும்பமாக வந்து வாய்த்ததே என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன். ஒத்துக்கொண்டது யார் என்று மட்டும் யோசித்ததே இல்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு காலையில், லாரி ஓட்டும் கம்பெனிக்கு மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த என் கணவர், நீலாய் சாலையில் சறுக்கி விழுந்தார். வலது கால் முறிந்து உள்ளே இரும்புக் கம்பி வைத்தார்கள். தலையிலும் அடி. இரண்டு நாள் கண் திறக்கவில்லை. மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தேன். "ஆத்தா, இவரை எழுப்பி விட்டுடு. மூணு வருஷம் உன் வாசலுக்கு இவரு பால்குடம் எடுப்பாரு" என்று வேண்டிக்கொண்டேன். மறுநாள் கண் திறந்தார். திறந்தவுடன் கேட்ட முதல் கேள்வி, மோட்டாருக்கு என்ன ஆச்சு என்பதுதான். பெண்டாட்டி பக்கத்தில் அழுது வீங்கிப்போய் நிற்கிறாள், அது கண்ணில் படவில்லை.

முதல் வருடம் இருபத்தொரு நாள் விரதம். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் அவருக்கென்று தனியாகச் சைவம் சமைத்து, டப்பாவில் கட்டிக் கொடுத்தேன். பதினைந்தாம் நாள் காரைக் கழுவலாம் என்று கதவைத் திறந்தால், சீட்டுக்கு அடியில் நாசி லெமாக் சோறு கட்டிய காகிதம். உள்ளே ஒரு கோழி எலும்பு. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் காகிதத்தை அப்படியே கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். "ஒரு எலும்புதான்லா" என்றார். எண்ணிக்கையா முக்கியம்? அன்றிலிருந்து அவருடைய விரதத்துக்கு நான் தோட்டத்தில் ஆள் மேய்க்கும் மண்டோர் மாதிரி ஆகிவிட்டேன். சட்டையை முகர்ந்து பார்ப்பேன், டப்பா காலியாக வருகிறதா என்று பார்ப்பேன், கூட வேலை செய்கிறவருக்குப் போன் போட்டு என்ன சாப்பிட்டார் என்று விசாரிப்பேன்.

இரண்டாம் வருடம் இருபத்தொரு நாளை ஒன்பதாகக் குறைக்கச் சொன்னார். சரி, தொலையட்டும் என்று விட்டுக் கொடுத்தேன். பால்குடத்துக்கு முதல் நாள், "கால் வலிக்குது" என்று ஆரம்பித்தார். "போர்ட்டிக்சனுக்கு மீன் பிடிக்கப் போறப்ப வலிக்கல. சாமிக்கு நடக்கணும்னா மட்டும் வலிக்குதா?" என்றேன். மறுநாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார். நான் புதுப் புடவை கட்டிக்கொண்டு, செருப்புப் போட்டுக்கொண்டு, பக்கத்திலேயே போட்டோ எடுத்தபடி நடந்தேன்.

சென்ற ஆண்டு மூன்றாவது வருடம். திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, இந்த வருடம் எடுக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகளோடு மீன் பிடிக்கப் போகிறாராம். எனக்கு ரத்தம் கொதித்தது. ஆத்தா கொடுத்த உயிர் இது, இப்படியா நன்றி காட்டுவது என்று பிடிபிடி என்று பிடித்தேன். அவர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார்.

"வேண்டிக்கிட்டது நீ. என்னைக் கேட்டியா?"

"நீங்க மயக்கமா கிடந்தீங்க. எப்படிக் கேக்குறது?"

"முழிச்ச பெறகு கேட்டியா?"

மாட்டிக்கொண்டால் நான் வழக்கமாக என்ன செய்வேனோ அதையே செய்தேன். மூன்று நாள் பேச்சை நிறுத்தினேன். சோறு போடுவதுகூட மகள் மூலம்தான். "உங்கப்பாவ சாப்பிட வரச் சொல்லு" என்று அவர் பக்கத்தில் நின்றுகொண்டே மகளிடம் சொல்வேன். அவள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

கோபம் என்று வெளியே காட்டினேனே தவிர, உள்ளே இருந்தது பயம். மூன்று வருடம் என்று வாய்விட்டுச் சொன்னதில் ஒரு வருடம் தவறினால், கொடுத்ததை ஆத்தா திரும்பக் கேட்டுவிடுவாளோ என்ற பயம். அவர் தினமும் லாரியில் ஏறிப் போகிறவர். மாலையில் கேட் சத்தம் கேட்கும் வரை என் உயிர் என்னிடம் இருக்காது.

ஒன்பது நாள் மட்டும் மிச்சம். எப்படியும் அவரை இழுத்து வந்துவிடலாம் என்ற நினைப்பில், பெயரையாவது பதிந்து வைப்போம் என்று கோயிலுக்குப் போனேன். மேசையில் கோயில் செயலாளரின் மனைவி உட்கார்ந்திருந்தார். பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்து, "போன ரெண்டு வருஷமும் அண்ணன் பேருதான் இருக்கு. இந்த வருஷமும் அதேதானேக்கா?" என்றார். என் வயிற்றெரிச்சல் முழுவதையும் அவரிடம் கொட்டினேன். எலும்பு, மீன், மூன்று நாள் மௌனம் எல்லாம். அவர் பேனாவைத் திறந்து வைத்தபடியே கேட்டார்.

"சரிக்கா, ஆத்தாகிட்ட நின்னு கேட்டது யாரு? அண்ணனா, நீங்களா?"

பாவம், அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். நோட்டில் எழுதுவதற்காகக் கேட்டார். எனக்குத்தான் கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது. அந்த இரண்டு வருடமும் என் கணவர் விரதம் இருந்த நாட்களில், நான் வேலை செய்யும் தொழிற்சாலை கேண்டீனில் மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். விரதம் அவருடையதுதானே என்று ஒரு வேளைகூட உறுத்தவில்லை. அவருடைய ஓர் எலும்பைக் கண்டுபிடித்தவள், என் தட்டில் இருந்த முள்ளைப் பார்க்கவே இல்லை. "என் பேரை எழுதுங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்து, "இந்த வருஷம் நானே எடுக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். "ம்" என்றார். என் விரதமும் ஒன்றும் மகிமையாக இருக்கவில்லை. நாலாம் நாளே கேண்டீன் வாசனையில் தலை சுற்றியது. பிரட்டல் கறியைக் கனவில் கண்டேன். ஆறாம் நாள் காரணமே இல்லாமல் மகளிடம் எரிந்து விழுந்தேன். ஒன்பது நாளே இப்படி என்றால், இருபத்தொரு நாள் லாரி ஓட்டிக்கொண்டு அவர் எப்படி இருந்தார் என்று அப்போதுதான் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு முன்பே அவர் கிளம்பிவிட்டார். தூண்டிலைக் காரில் வைத்ததை என் கண்ணால் பார்த்தேன். நான் பக்கத்து வீட்டு அக்காவின் காரில் தோட்டத்துக்குப் போனேன்.

பால்குடம் கிளம்பும் ஆற்றங்கரையிலிருந்து கோயிலுக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும். முதல் பாதி செம்மண்ணும் கூழாங்கல்லும். பால்குடத்தைத் தலையில் வைத்து நூறு அடி நடப்பதற்குள் பாதத்தில் கல் குத்தி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. செருப்போடு நடந்தபோது அந்தக் கற்கள் இருந்ததே எனக்குத் தெரியாது. என் கால்கள் நல்ல கால்கள். இந்தப் பாதையில்தான் அவர் கம்பி வைத்த காலோடு இரண்டு தடவை நடந்திருக்கிறார். வலிக்கிறது என்று ஒரே ஒரு முறை சொன்னார், அதற்கும் நான் மீனைக் காட்டி வாயை அடைத்தேன். மேளச் சத்தத்தில் நான் அழுதது யாருக்கும் கேட்கவில்லை. பக்தி முற்றிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

செம்மண் முடிந்து தார் ரோடு வந்தது. மணி பதினொன்று இருக்கும், வெயில் கொளுத்தியது. இனி கால் பொரிந்துவிடும் என்று பயந்துகொண்டே காலை வைத்தேன். ரோடு குளிர்ந்து கிடந்தது. எங்களுக்கு முன்னால் கோயிலின் தண்ணீர் லாரி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் இரண்டு பேர் குழாயைப் பிடித்து ரோடு முழுக்க நனைத்தபடி வந்தார்கள். லாரி வளைவில் திரும்பும்போது ஓட்டுகிறவர் கை தெரிந்தது. அந்தக் கைக்கடிகாரம் நான் வாங்கிக் கொடுத்தது.

பூசை முடிந்து அன்னதானத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சட்டையெல்லாம் வியர்வை. "மீன் பிடிக்கலையா?" என்றேன்.

"போன வாரமே கோயிலுக்குப் போன் பண்ணி, லாரி நான் ஓட்டுறேன்னு சொல்லிட்டேன். ஒம்பது நாளா நானும் கறி தொடல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா நீயே போயி என் பேரை எழுதிக் கொடுத்திருப்ப" என்று சொல்லிவிட்டு, ரசத்துக்குக் கை நீட்டினார்.

ஒன்பது நாள் கறி தொடவில்லை என்றதை நம்பினேனா? நம்பினேன், காருக்குப் போய்ச் சீட்டுக்கு அடியில் பார்த்த பிறகு. தூண்டில் பெட்டிதான் இருந்தது.

என் நடையை மூன்றாவது வருடக் கணக்கில் ஆத்தா சேர்த்துக்கொண்டாளா என்று எனக்குத் தெரியாது. இந்த வருடம் வேண்டுதல் எதுவும் இல்லை, ஆனாலும் தண்ணீர் லாரி ஓட்ட அவர் முன்கூட்டியே போன் செய்துவிட்டார். நான் நினைவுபடுத்தவில்லை. போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா வீட்டில் விசேஷம் என்று சொன்னபோது, "எங்க வீட்டுக்காரரு வருவாரு" என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "நான் வரேன்க்கா, அவரை நீங்களே ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க" என்றேன். அதைச் சொல்லப் பழகுவதற்கு எனக்கு இரண்டு கிலோமீட்டர் வெறுங்காலில் நடக்க வேண்டியிருந்தது.