ஒரே தொகுதியின் உப்பு

என் மேசை இழுப்பறையில் உள்ளங்கையளவு நீலக் கண்ணாடித் துண்டு ஒன்று கிடக்கிறது. தொண்ணூறுகளில் மதுரைக்கு வெளியே ஒரு கல்லூரியில் நான் வேதியியல் நடத்தியபோது ஆய்வகத்தில் இருந்தது. உப்பைச் சுடரில் காட்டினால் சோடியம் மஞ்சளாக எரியும், பொட்டாசியம் ஊதாவாக எரியும். ஆனால் துளி சோடியம் கலந்திருந்தாலும் அந்த மஞ்சள் ஊதாவை விழுங்கிவிடும். இந்தக் கண்ணாடி வழியே பார்த்தால் மஞ்சள் விலகி ஊதா தெரியும்.

அதைத் துடைத்து வைப்பவர் ஆய்வக உதவியாளர் அக்கா. காளவாசலில் தனி அறையில் இருந்த எனக்கு மதியம் மெஸ் பொட்டலம்தான். அக்கா தன் டிபன் பாக்ஸ் மூடியில் கொஞ்சம் பொரியல் வைத்து என் பக்கம் நகர்த்துவார். அந்த ஊரில் சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்க வேறு ஆள் கிடையாது.

அவர் கணவருக்கு ரத்த அழுத்தம். உப்பை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று மனிதர் தினமும் தட்டைத் தள்ளிவிட, அக்காவும் பாதிப் பட்டினி. ஒருநாள் பொட்டாசியம் குளோரைடு பாட்டிலைக் காட்டி, இதுவும் உப்புதானே என்று கேட்டார். தனிம அட்டவணையில் ஒரே தொகுதியில் இருப்பவை குணத்திலும் ஒன்றுபோல இருக்கும், லித்தியம், சோடியம், பொட்டாசியம் எல்லாமே கடைசி ஒற்றை எலக்ட்ரானை விட்டுக்கொடுப்பவை, ஒன்று தெரிந்தால் மற்றதும் தெரிந்த மாதிரி என்று வகுப்பில் முழங்குகிறவன் நான். அதே மிடுக்கில், "அண்ணன் தம்பி மாதிரிதான்க்கா. கொஞ்சமாப் போட்டுக்கங்க" என்று பொட்டலம் மடித்துக் கொடுத்தேன். அவர் கணவருக்குச் சிறுநீரகமும் பழுது என்பது எனக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை.

பத்தே நாளில் ஆஸ்பத்திரி. பொட்டாசியம் உடம்பில் தேங்கி இதயம் தடுமாறியிருந்தது. யார் சொல்லி இதைப் போட்டீர்கள் என்று டாக்டர் அதட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"யாரும் சொல்லல சார். நானாத்தேன் போட்டேன்" என்றார் அக்கா, என்னைப் பார்க்காமல்.

கணவர் பிழைத்துக்கொண்டார். அக்கா கோபித்துக்கொள்ளவும் இல்லை. வணக்கம் சார் என்பார், பாட்டில்களை எடுத்து வைப்பார். அதன்பிறகு மூடி மட்டும் என் பக்கம் நகரவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. வேலையை விட்ட அன்று விடைபெற முகமில்லாமல் இந்தக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது எனக்கும் ரத்த அழுத்தம். கே.கே. நகர் மருந்துக்கடையில் சோடியம் குறைந்த உப்பென்று ஒரு பாக்கெட் கொடுத்தார்கள். பின்பக்கம் பொட்டாசியம் குளோரைடு என்று போட்டிருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒற்றை ஆளுக்குச் சமைத்த உப்பில்லாத ரசத்தைக் குடித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்து வைத்தேன். அக்காவின் அந்த ஒரு சொல்தான் இத்தனை வருடம் என்னை மறைத்து வைத்திருக்கிறது. அவர் எங்கே இருக்கிறாரோ தெரியவில்லை.

நான்தான் சொன்னேன்.