டெனீஸின் சைக்கிள் செயினுக்கு எந்த எண்ணெய்?

அக்டோபர் மாதம், சூப்பர் மார்க்கெட் வரிசையில் நின்றுகொண்டிருந்த டெனீஸ் ஹெல்லிவெல் வலிப்பு வந்து விழுந்தாள். கையிலிருந்த பெட்டியில் ஒரு முட்டைகூட உடையவில்லை. மறுவாரம் அதை எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள். ஒரு வருடம் கார் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்னதை மட்டும் சிரிக்காமல் சொன்னாள்.

நடமாட முடியாத வயதானவர்களின் வீடுகளுக்குப் போய், குளிப்பாட்டி, உடை மாற்றி, காலை உணவு கொடுப்பது எங்கள் வேலை. டாட்மோர்டன் ஊருக்கு மேலே உள்ள பள்ளத்தாக்கில் பதினோரு வீடுகள். பத்தொன்பது வருடமாக அது டெனீஸின் சுற்று. அதில் ஒரு வீட்டில் மட்டும் நான் அவளோடு சேர்ந்துகொள்வேன். மிசஸ் ஆக்ராய்டைப் படுக்கையிலிருந்து தூக்க இரண்டு பேர் வேண்டும்.

எங்கள் மேற்பார்வையாளர் கிர்ஸ்டிக்கு இருபத்தெட்டு வயது. கெட்டவள் அல்ல.

"கிறிஸ்மஸ் வரைக்கும் பாப்போம் டெனீஸ். லேட்டானாலும் சரி, வீட்டுக்காரங்க புகார் சொன்னாலும் சரி, மூணு ஆச்சுன்னா உங்க சுத்தை கார் இருக்கறவங்களுக்குக் குடுத்துடுவேன். நீங்க ஆபீஸ்ல ஃபோன் எடுக்கலாம்."

"ஃபோன்ல யாரையும் குளிப்பாட்ட முடியாதும்மா" என்றாள் டெனீஸ்.

சைக்கிள் ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னதும், தம்பி வீட்டு கராஜில் கிடந்த பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

எங்கள் ஊரில் நவம்பர் மழை பெய்வதில்லை, காற்றில் தொங்கிக்கொண்டிருக்கும். சாலையில் பனி உறையாமலிருக்க லாரியில் வந்து உப்பும் மணலும் தூவிவிட்டுப் போவார்கள். அந்தச் சகதி முழுவதும் செயினுக்குத்தான் போய்ச் சேரும். டெனீஸுக்கு இது தெரியாது. சைக்கிள் கடை டாரலிடம் போய் எண்ணெய் கேட்டாள்.

"யூனிஃபார்ம்ல கறை படாம இருக்கணுமா, துரு பிடிக்காம இருக்கணுமா அக்கா?" என்று கேட்டான் டாரல்.

"ரெண்டும்."

"ரெண்டும் ஒரே பாட்டில்ல வர்றதில்லக்கா. இந்தா, காய்ஞ்சு போற எண்ணெய். கறை படாது. ஆனா மழைக்கு நிக்காது, இப்பவே சொல்லிட்டேன்."

சொன்னபடியே நிற்கவில்லை. மூன்றாவது வீட்டுக்குப் போவதற்குள் மழை அதைக் கழுவிவிட்டது. செயின் இஞ்சி பிஸ்கட் நிறத்துக்கு வந்து, எலியை மிதித்தது போலக் கத்த ஆரம்பித்தது. மிசஸ் ஆக்ராய்டுக்கு மட்டும் அதில் சந்தோஷம்.

"தேவாலய முக்குல திரும்பும்போதே உன் எலி கத்துதுடி. அது கேட்டதும் பல் செட்ட எடுத்து மாட்டிக்குவேன். எனக்குக் கடிகாரமே வேண்டாம்."

இரண்டாவது வாரம் ஏற்றத்தில் துருப்பிடித்த இணைப்பு ஒன்று மடங்காமல் நின்று, செயின் கழன்று விழுந்தது. டெனீஸ் இருபது நிமிடம் தாமதம். கிர்ஸ்டி குறித்து வைக்கும் தாளில் ஒன்று.

அதன்பிறகு எண்ணெய் பற்றி ஊரே அவளுக்கு யோசனை சொன்னது. பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் மெழுகை உருக்கிச் செயினை முக்கச் சொன்னார். "என் வீட்ல சூப்பு வைக்கவே ஒரு சட்டிதான் இருக்கு" என்றாள் டெனீஸ். மீன் வறுவல் கடைக்காரர் கடையின் பழைய எண்ணெயையே தருகிறேன் என்றார். "பின்னாடி பூனைக எல்லாம் வரும்" என்று மறுத்துவிட்டாள். கடைசியில் மலைமேல் ஆடு வளர்க்கும் வில்ஃப், பால் பாட்டிலில் பழுப்பாக எதையோ ஊற்றிக் கொடுத்தார். மரம் அறுக்கும் இயந்திரத்துக்குப் போடும் எண்ணெய்.

"இது ஒட்டுச்சுன்னா ஒட்டுனதுதான் புள்ள. வெள்ளமே வந்தாலும் போவாது."

உண்மைதான், போகவில்லை. எலி செத்துப்போனது. ஆனால் சாலையில் இருந்த உப்பும் மணலும் அதில் ஒட்டிக்கொண்டு, நாலு நாளில் செயின் கறுப்புக் களியானது. டெனீஸின் வலது கெண்டைக்காலில் ரயில் தண்டவாளம் போல ஒரு கோடு விழுந்தது. அவள் சுற்றில் இருந்த மிஸ்டர் பிக்கிள்ஸ் வீட்டுப் பாலாடை நிறக் கம்பளத்தில் அவள் மண்டியிட்டு அவருக்குச் சாக்ஸ் மாட்டிவிட்டு எழுந்தபோது, கம்பளத்திலும் அதே கோடு. அவருடைய மகள் ஃபோன் செய்தாள். தாளில் இரண்டு.

மறுபடி டாரலிடம் போனாள். இந்த முறை அவன் மழைக்காலத்துக்கென்றே உள்ள கெட்டி எண்ணெயைக் கொடுத்தான். போடும் விதத்தையும் சொன்னான். டெனீஸ் அடுத்த வீட்டு நேரத்தை நினைத்துக்கொண்டிருந்தாள், காதில் வாங்கவில்லை. காலை ஆறு மணிக்கு, இரவெல்லாம் வெளியே நனைந்த செயின்மேல் தாராளமாக ஊற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். இரண்டாம் நாளே எலி திரும்பி வந்தது. கறுப்புக் கோடும் கூடவே வந்தது.

"கெயில், நான் இந்தச் சுத்தை விட்டுடறேன்" என்று ஆக்ராய்ட் வீட்டு வாசலில் என்னிடம் சொன்னாள். மழைத்தொப்பியைக் கழற்றவில்லை. "மூணாவதுக்கு ஏன் காத்திருக்கணும்? நானே சொல்லிட்டா மரியாதையா இருக்கும்."

"உள்ள வா, குளிருது" என்று மட்டும் சொன்னேன்.

அன்று மிசஸ் ஆக்ராய்டைத் துடைத்து முடித்ததும், முதுகில் புண் வராமல் இருக்கப் பூசும் களிம்பை டெனீஸ் எடுத்தாள். மனம் அங்கே இல்லை. ஈரத்தின்மேலேயே கை நிறைய அப்பினாள்.

"அடியே!" என்று கிழவி கத்தினாள். "நான் என்ன ரொட்டியா, வெண்ணெய் தடவுற? தண்ணிய ஒத்தி எடுக்காம மேலயே பூசுனா உள்ள ஈரம் நிக்கும், தோல் வெந்து போவும்னு போன வருஷம் அந்தப் புதுப் பொண்ணக் கிழிகிழின்னு கிழிச்சியே, அது யாரு? பட்டாணி அளவு போதும், கையில தெரியணும், கண்ணுல தெரியக்கூடாதுன்னு சொன்னது யாரு?"

டெனீஸின் கை அப்படியே நின்றது. களிம்பைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியாக, சுவரில் சாய்த்து வைத்திருந்த சைக்கிளைப் பார்த்தாள்.

"கெயில்" என்றாள். "அதுக்கும் ஈரத்துமேலதான் பூசிட்டிருந்திருக்கேன்."

"எதுக்கு?" என்று மிசஸ் ஆக்ராய்ட் கேட்டாள்.

"உங்க எலிக்கு."

"முதல்ல என்னைத் துடை. எலி அப்புறம்."

அன்று மாலை டெனீஸ் சைக்கிளைத் தன் சமையலறைக்குள் கொண்டுவந்து செய்தித்தாள் விரித்து நிறுத்தினாள். நானும் போயிருந்தேன். பழைய துண்டால் செயினைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துண்டு கறுப்பானது, பிறகு பழுப்பானது, கடைசியில் ஈரம்கூட ஒட்டவில்லை. அடுப்பின் ஓரத்தில் ஒரு மணி நேரம் அப்படியே விட்டோம். அதே கெட்டி எண்ணெயைத்தான் எடுத்தாள். ஒவ்வொரு இணைப்பிலும் உள்ள சின்ன உருளையில் ஒரு சொட்டு. நான் மிதியைப் பின்பக்கமாக மெல்லச் சுற்றினேன். அவள் வாய்க்குள் எண்ணிக்கொண்டே நூற்றுப் பதினாலு சொட்டு விட்டாள். இரவு முழுக்க உள்ளே இறங்கட்டும் என்று விட்டுவிட்டு, காலையில் பழைய தலையணை உறையால் வெளிப்பக்கத்தை அழுத்தித் துடைத்தாளாம். எண்ணெயே போடாதது போல இருந்ததாம். விரல் வைத்தால் மட்டும் வழவழவென்று இருந்ததாம்.

ஒவ்வொரு மாலையும் துடைத்தாள். எண்ணெய் வாரத்துக்கு ஒருமுறை போதுமாக இருந்தது. கால் சுத்தமாக இருந்தது. ஆனாலும் தாளில் இரண்டு இருந்தது, கிறிஸ்மஸுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

அந்த வியாழக்கிழமை ஆறு கரையைத் தொட்டு ஓடியது. மழை ஜன்னலைக் கல்லெறிவது போல அடித்தது. நான் ஆக்ராய்ட் வீட்டில் நுழைந்தபோது கட்டிலருகே கிர்ஸ்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தத் தாள்.

"ஏழு நாப்பதுக்கு வரணும்" என்றாள். மணி ஏழு முப்பத்தேழு.

"இன்னும் வரல" என்றாள் மிசஸ் ஆக்ராய்ட். "முக்கு திரும்புனா எனக்குக் கேக்கும். ஒண்ணும் கேக்கல."

எனக்கும் கேட்கவில்லை. மழைதான் கேட்டது. ஏழு முப்பத்தொன்பது. கிர்ஸ்டி பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

கதவு திறந்தது. டெனீஸ் மழைக்கோட்டோடு நின்றாள். மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. "என்ன எல்லாரும் சாவு வீடு மாதிரி உக்காந்திருக்கீங்க?"

கிர்ஸ்டி முதலில் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு டெனீஸின் வலது காலைப் பார்த்தாள். குனிந்தே பார்த்தாள். பேனாவை மூடினாள்.

"ஜனவரிக்கும் உங்க பேரையே போட்டுடறேன்" என்றாள். "இந்த மழையில கார்க்காரங்க ரெண்டு பேரு இன்னும் வந்து சேரல."

டெனீஸ் கையுறையைக் கழற்றும் சாக்கில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் ஒருமுறை குலுங்கியது.

கட்டிலிலிருந்துதான் சத்தம் வந்தது. கிழவி கையால் வாயை மறைத்துக்கொண்டிருந்தாள்.

"திருடி மாதிரி சத்தமில்லாம வந்து நிக்கறியே! ஆபீஸ்காரி முன்னாடி பல்லில்லாம உக்காந்திருக்கேன்டி நான்!"

டெனீஸ் திரும்பினாள். கண் சிவந்திருந்தது, சிரித்தாள். கண்ணாடித் தம்ளரிலிருந்து பல் செட்டை எடுத்துக் கழுவிக் கொடுத்தாள்.

மறுநாள் காலை ஏழு முப்பத்தெட்டுக்குத் தேவாலய முக்கில் ஒரு சைக்கிள் மணி இரண்டு முறை அடித்தது. மிசஸ் ஆக்ராய்ட் தம்ளருக்குக் கையை நீட்டினாள்.