மூன்றாம் வகுப்பு டீச்சர் சொல்ல வந்தது

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், கடற்கரையை ஒட்டிய ஓர் ஆரம்பப் பள்ளியில் நான் நான்காம் வகுப்புக்குப் பாடம் எடுத்தேன். ஆசிரியர்கள் ஐந்து பேர். அதில் மூன்றாம் வகுப்பு டீச்சர் மட்டும் பெண். அவர் குரல் முதல் பெஞ்சைத் தாண்டாது என்று கேலி செய்வோம். கூட்டங்களில் அவர் வாய் திறப்பதற்குள் எங்களில் யாராவது பேசி முடித்துவிடுவார். பெரும்பாலும் அது நான்தான்.

அந்த வருஷம் அவர் வகுப்பிலிருந்து தேறி ஒரு மீனவப் பெண்பிள்ளை என்னிடம் வந்தாள். கெட்டிக்காரி என்று அவர் எழுதியிருந்தார். என் வகுப்பிலோ கூப்பிட்டால் ஏனென்று கேட்க மாட்டாள். கரும்பலகையில் எழுதிக்கொண்டே நான் சொல்லும் கணக்கைச் செய்யவும் மாட்டாள். திமிர் என்று நினைத்துப் பலநாள் அடித்தேன். அப்படியும் மாறவில்லை. அவள் பெயரை நீக்கிவிடலாம் என்று ஆசிரியர் கூட்டத்தில் சொன்னேன்.

டீச்சர் எழுந்தார். புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"அந்தப் பிள்ளைய பின்னால நின்னு விளிச்சா..." என்று தொடங்கினார்.

"நீங்க பேசுகது உங்களுக்கே கேக்காது டீச்சர். பிள்ளைக்கு எப்பிடி கேக்கும்?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். தலைமையாசிரியரும் சிரித்தார். டீச்சர் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் பெயர் நீக்கப்பட்டது.

அடுத்த மழைக்காலத்தில் டீச்சர் விஷக்காய்ச்சலில் இறந்துபோனார். பள்ளிக்கு ஒருநாள் விடுமுறை விட்டோம்.

சில வருஷங்கள் கழித்துக் குழித்துறைச் சந்தையில் அந்தப் பெண்ணைக் கண்டேன். தாயோடு மீன் விற்றுக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். பக்கத்துக் கடைக்காரர்கள் திரும்பினார்கள், அவள் திரும்பவில்லை. தாய் அவள் தோளைத் தொட்டாள்.

"இவளுக்குச் செவி கேக்காது, சாறே. சின்னதுல வந்த காய்ச்சலுக்குப் பொறவு கொறஞ்சு போச்சு. எங்களுக்கே அந்த டீச்சர் சொல்லித்தான் தெரியும்."

பெண் என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சற்றுக் குழறிய பேச்சில் சொன்னாள்: "டீச்சர் என் மொகத்தப் பாத்துதான் பேசுவாவ. எனக்கு எல்லாம் மனசிலாவும்."

அவள் பள்ளியை விட்டு நின்ற பிறகு, தாம் சாகும்வரை, சனிக்கிழமைதோறும் டீச்சர் குடிசைக்கு வந்து அவளுக்குப் பாடம் சொல்லியிருக்கிறார். எங்கள் யாருக்கும் அது தெரியாது.

"பள்ளிக்கூடத்துல ஒங்க ஆருட்டயும் டீச்சர் இதச் சொல்லல்லியா, சாறே?" என்று தாய் கேட்டாள். குற்றம் சாட்டும் குரல் அல்ல, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"சொல்ல வந்தாவ," என்றேன். "நான்தான் விடல்ல."

மகள் என் முகத்திலிருந்து அதைப் படித்துவிட்டாள் என்று தெரிந்தது. தலை குனிந்துகொண்டு மீன்மேல் தண்ணீர் தெளிக்கத் தொடங்கினாள். மன்னிப்புக் கேட்க வேண்டுமானால் அவள் நிமிர்ந்து பார்க்க வேண்டும். வெகுநேரம் நின்றேன். அவள் நிமிரவில்லை.