மூன்று நோட்டு, ஒரே தாள்

முதலில் ஒரு திருத்தம். பாலோ ஊர்ப் பக்கம் நம் ரப்பர் தோட்டத்துக்கு அந்தக் காலத்தில் வந்த ஆராய்ச்சிக் குழுவுக்கு நான் "மொழிபெயர்த்து, டீ கலக்கிக் கொடுத்தேன்" என்று இந்த வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருக்கிறீர்கள். டீ கலக்கியது நம்மை மேய்த்த கங்காணி, மண்டோர். நான் ஆபீஸ் கிளார்க்.

புளித்த ரப்பர் பால் வாடை இன்னும் மூக்கில் நிற்கிறது... அந்த வாடைக்குள்தான் மூன்று பேர் வந்து இறங்கினார்கள். ஒரு இன்ஜினியர், ஒரு டாக்டர், சமூகவியல் படித்த ஒரு பெண். தோளில் வைக்கும் காண்டா கம்பின் இரு முனையிலும் பால் வாளி தூக்கித் தோள் காய்த்துப்போன நம் பெண்களுக்கு, முதுகில் மாட்டும் புது வாளி கொண்டுவந்தார்கள்.

இன்ஜினியர் எடை பார்த்தார். டாக்டர் நாடி பார்த்தார். அந்தப் பெண் கேள்வி கேட்டாள். ஆளுக்கொரு நோட்டு. ஒருவர் நோட்டை இன்னொருவர் திறக்கவே இல்லை.

கேள்விக்கெல்லாம் ஒரே பதில்.
"நல்லா இருக்குங்க."

மண்டோர் பக்கத்தில் நின்றால் வேறென்ன சொல்வார்கள்?

"மண்டோரே, வந்தவங்களுக்கு டீ கலக்குங்க லா" என்று அனுப்பிவைத்தேன்.

அவர் தலை மறைந்ததும் அஞ்சலை அக்கா ஆரம்பித்தார். "மரத்துல கட்டின மங்குல இருக்கிற பால எடுக்கக் குனிஞ்சா, முதுகு வாளி கழுத்துல ஊத்துது. செஞ்சவர ஒரு நாள் குனியச் சொல்லுங்கம்மா!"

எல்லோரும் சிரித்தார்கள். இன்ஜினியரைத் தவிர.

அன்று மதியம் மூன்று நோட்டையும் கேட்டு வாங்கினேன். கான்வென்ட்டில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி ஒரே தாளில் கோடு போட்டேன். ஒரு பெண்ணுக்கு ஒரு வரி. அதிலேயே அவள் தூக்கிய எடை, அவள் நாடி, அவள் சொன்ன வார்த்தை.

கனம் கூடியபோது நாடி எகிறவில்லை. பால் சிந்தாமல் குனிந்து எழுந்தபோதுதான் எகிறியது. டாக்டரிடம் எண் இருந்தது, காரணம் இல்லை. காரணம் அஞ்சலை அக்காவிடம் இருந்தது.

"இந்தத் தாள் யார் போட்டது?" என்றார் இன்ஜினியர்.

"நான்தான்."

அடுத்த முறை வந்த வாளி முதுகில் இல்லை, இடுப்புப் பக்கம் தொங்கியது. யாரும் அதைக் கழற்றி வீசவில்லை.

என் தங்கை மகள் இப்போது பல்கலைக்கழகத்தில் டிசைன் ரிசர்ச் சொல்லிக்கொடுக்கிறாள். அங்கே இந்த மூன்று படிப்புக்காரர்களும் முதல் நாளிலிருந்தே ஒரே மேசையில் உட்காருகிறார்களாம். சந்தோஷம். எங்களுக்கு அந்த மேசை இல்லை... என் தாள்தான் இருந்தது. என் கணவர் கடைசிவரை அதை இரும்புப் பெட்டியில் வைத்திருந்தார். இப்போது என் மேசையில் இருக்கிறது.

செல்வம் தம்பி, நீங்கள் சிம்பாங் ரெங்கத்தில் நடத்தும் கண்காட்சியில் அந்த ஆராய்ச்சிக் குழுப் படத்தின் கீழே என்னை "உதவியாளர்" என்று போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். தாளின் நகல் அனுப்பியிருக்கிறேன். படித்துவிட்டு, என் பெயருக்குப் பக்கத்தில் என்ன போடப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள்.

போன் வேண்டாம். எழுதி அனுப்புங்கள்.