அம்புக்கு எதிர்ப்பக்கம்

எங்கள் நகர் விழுப்புரத்துக்கும் கோலியனூருக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. பஸ் சத்தம் கேட்காது. மனை போட்டவர்கள் தெருவுக்குத் தெரு பூங்காவுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். ஒன்றில் ஊஞ்சலும் சறுக்கு மரமும் இருக்கின்றன. ஒன்றில் புங்க மரங்கள் மட்டும். ஒன்றில் வெறும் புல்தான், அதற்கும் கம்பி கேட் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்கள். மாட்டுக்குத்தான் அந்தப் பூட்டு என்பார் எங்கள் வீட்டுக்காரர்.

அவர் ரயில்வேயில் வேலை பார்த்து ரிடையர் ஆன பிறகு இங்கே வீடு கட்டினார். நான் பிறந்த காணைப் பக்கம் என் தம்பிகள் இன்றைக்கும் பயிர் வைக்கிறார்கள். மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பிடுங்கினால் எனக்கு ஒரு பை வந்துவிடும். ஆனாலும் எனக்குப் பிடித்தது இந்த நகர்தான். ஜன்னலைத் திறந்து வைத்தால் புங்கம்பூ வாசனை வீட்டுக்குள் வரும். மத்தியானத்தில் அணில் கத்துவதைத் தவிர வேறு சத்தம் இருக்காது.

பேச வேண்டியதையெல்லாம் அவரே பேசிவிடுவார். கேஸ்காரன் வந்தாலும் அவர்தான், எதிர்வீட்டிலிருந்து பத்திரிகை வைக்க வந்தாலும் அவர்தான். நான் கதவுக்குப் பின்னால் நிற்பேன். சின்ன வயசிலிருந்தே அப்படி. ஐந்தாவது படிக்கும்போது வாத்தியார் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் உட்கார்ந்திருப்பேன். அதனால் அவர் போன பிறகு நகரில் எல்லோரையும் எனக்குத் தெரிந்திருந்தது. என்னைத்தான் யாருக்கும் தெரியவில்லை.

மாசியில் அவருக்கு வருஷத் திதி முடிந்ததும், இலை எடுத்துப் போட்ட கையோடு என் மகன் பேச்சை எடுத்தான். அவன் தாம்பரத்தில் இருக்கிறான்.

"இன்னாம்மா, பக்கத்துல பேசறதுக்கு உனக்கு ஒருத்தராவது இருக்காங்களா? ஒடம்புக்கு ஒண்ணுன்னா யாரைக் கூப்புடுவ?"

நான் எச்சில் துணியை மடித்துக்கொண்டே இருந்தேன்.

"இல்லல்ல? அப்ப பள்ளிக்கூடம் தெறக்கறதுக்குள்ள வந்து கூட்டிக்கினு போறேன். வூட்டை வாடகைக்கு வுட்டுடலாம்."

அவன் சொன்னதில் தப்பில்லை. மருமகளும் நல்லவள்தான். ஆனால் அவர்கள் இருப்பது ஏழாவது மாடி. போகவும் வரவும் லிப்டில் முன்பின் தெரியாதவர்களோடு மூஞ்சிக்கு மூஞ்சி நிற்க வேண்டும். அதை நினைத்தாலே எனக்கு வேர்க்கும். இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். யாரைக் கூப்பிடுவாய் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் அதை எப்படிச் சொல்வது?

சர்க்கரைக்கு நடக்கச் சொல்லி டாக்டர் சொன்னது அதே சமயத்தில்தான். எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் பூங்காவில் சுற்றி நடக்கக் கல் பதித்த பாதை உண்டு. இத்தனை பேருக்கு நடுவில் எப்படிப் போவது என்று கொஞ்ச நாள் தள்ளிப்போட்டு, பிறகு ஒருநாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போனேன்.

அந்தப் பாதையில் மஞ்சள் பெயிண்டில் அம்பு போட்டிருக்கும். போட்டவர் தெருக்கோடி வீட்டு டிரில் மாஸ்டர். பள்ளிக்கூடத்தை விட்டு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் அவர் கழுத்தில் விசில் ஒன்றுதான் குறை. மைதானத்தில் எந்தப் பக்கம் ஓடுவார்களோ அதே பக்கமாக அம்பு போட்டிருந்தார். அப்போது நடுவில் அரச மரம் மட்டும்தான் இருந்தது. அதற்கடியில் பிள்ளையாரைக் கொண்டுவந்து வைத்தது அப்புறம். அம்பைப் பார்த்து நடந்தால் பிள்ளையார் இடது கைப்பக்கம் வருவார். நடை வேறு, சாமி வேறு என்று எல்லோரும் பழகிவிட்டார்கள் போலிருக்கிறது.

எனக்குக் கால் வரவில்லை. பிள்ளையாரை இடமாகச் சுற்றுவதா? அவர் வலது கைப்பக்கம் இருக்கிற மாதிரி, அம்புக்கு எதிராகவே நடக்க ஆரம்பித்தேன். யார் கண்ணிலும் படாமல் போக வந்தவள், அதனால் எல்லோர் எதிரிலும் போய் நின்றேன். ஒரு சுற்றுக்குள் அத்தனை பேர் முகத்தையும் இரண்டிரண்டு தடவை பார்த்தாக வேண்டும்.

டிரில் மாஸ்டர் நிறுத்திவிட்டார்.

"அம்மா, அம்பு அந்தப் பக்கம் போவுது. நீங்க இந்தப் பக்கம் வர்றீங்க. ஒன்வேயில எதிர்ல வண்டி வந்தா இன்னா ஆவும்?"

பிள்ளையார் என்ற ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும். அது வரவில்லை. புல்லில் இறங்கி வழி விட்டேன்.

"புல்லு மேல நடக்கக் கூடாதுங்க."

ஓரத்தில் சாய்த்துப் பதித்த செங்கல் மேல் ஏறி நின்றேன். பின்னால் மூச்சு வாங்க வந்த ஒரு பருத்த அம்மா, அடுத்த தெருக்காரர், "வுடுங்க சார்" என்றார். "எல்லாரும் எல்லாரு முதுவையும் பாத்துக்கினு போறோம். எதிர்ல ஒரு மூஞ்சியாவது வரட்டும்."

அந்தம்மாவின் வீட்டுக்காரர் வேகமாக நடப்பவர். அந்தம்மா மெல்ல நடப்பவர். வீட்டிலிருந்து சேர்ந்து வருவார்கள், கேட்டைத் தாண்டியதும் பிரிந்துவிடுவார்கள். ஒரு காலையில் அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, எதிர்ல எங்க வூட்டுக்காரரு வருவாரு, நீலச் சட்டை. ரயிலைப் புடிக்கப் போற மாதிரி ஓடிக்கினு இருப்பாரு. என்னால அவரைப் புடிக்க முடியாது. சாவி எங்கிட்ட இருக்குது, வூட்டாண்ட போய் நின்னுக்கினு கத்த வேணாம்னு சொல்லிடுங்க."

அரை சுற்று தூரமும் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். நீலச் சட்டை வந்தது. "சாவி" என்றேன்.

"இன்னாங்க?"

"சாவி… அவங்ககிட்ட இருக்குதாம்."

"எப்பவும் அவகிட்டதான். வாயும் அவகிட்ட, சாவியும் அவகிட்ட."

இதையும் போய்ச் சொல்ல வேண்டுமோ என்று நான் விழிக்க, அவர் பதறிப்போய், "அதைச் சொல்லிப்புடாதீங்கம்மா!" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு மிச்சப் பாதையை நடந்தேன். அந்தச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அதிலிருந்து பிடித்துக்கொண்டது. முன்னால் போகிறவருக்குச் சேதி சொல்ல வேண்டுமென்றால் ஓடிப் பிடிக்க வேண்டியதில்லை, எதிரே நான் வருவேன். தண்ணீர் வந்துவிட்டது, மோட்டாரைப் போடச் சொல்லுங்கள். இட்லி மாவு பொங்கிவிட்டது, வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். டிரில் மாஸ்டரே ஒருநாள், "நீலச் சட்டை வந்தா, சாயந்திரம் சங்கத்துல மீட்டிங்னு சொல்லிடுங்கம்மா" என்றார். சொந்தப் பேச்சுத்தான் எனக்கு வராது. அடுத்தவர் பேச்சைக் கொண்டுபோய்க் கொடுக்கக் கூச்சமே இல்லை என்பது இந்த வயசில்தான் தெரிந்தது.

காய்ச்சல் வந்து நான் போகாத ஒருநாள், அந்தம்மா கஞ்சித் தூக்கோடு வந்து கேட்டைத் தட்டினார். "உள்ள இருக்கீங்களாக்கா? அங்க யாரு எங்க இருக்காங்கன்னு ஒண்ணும் தெரியல, ஒரே பேஜாரா போச்சு" என்றார். போகும்போது, போன ஆடியில் பூங்காவில் ஊற்றிய கூழ் கட்டி தட்டிப் போன கதையையும் சொல்லிவிட்டுப் போனார். கூழ் கட்டி தட்டாமல் இருக்க மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்க விட வேண்டும் என்று காய்ச்சல் விட்ட பிறகு பாதையில் அவரிடம் சொன்னேன். யாரும் சொல்லி அனுப்பாமல் நானாகச் சொன்னது அதுதான் முதல்.

மழையில் வெளுத்திருந்த அம்புகளுக்கு டிரில் மாஸ்டர் சித்திரையில் மறுபடி மஞ்சள் அடித்தார். அடித்து முடித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மஞ்சள் அம்புக்குப் பக்கத்தில், ஓரமாக, காவியில் சின்னதாக இன்னொரு அம்பு, எதிர்ப்பக்கம் பார்த்து.

"இது உங்க ரூட்டு. விநாயகர் கோச்சுக்கினாருன்னா அப்புறம் எம் மேலதான் கேஸு வரும்."

அரச மரத்துக்கு நேரே வரும்போதெல்லாம் நான் கையெடுத்துக் கும்பிடுவதை அவர் பார்த்திருக்க வேண்டும்.

இதில் எதையும் மகனிடம் நான் சொல்லவில்லை. போனில் அவன் சாப்பிட்டாயா என்பான், சாப்பிட்டேன் என்பேன், அவ்வளவுதான். சொன்ன மாதிரியே ஒரு சனிக்கிழமை காரோடு வந்துவிட்டான். பின் சீட்டில் காலி அட்டைப் பெட்டிகள். அவன் அப்பா படத்தைச் சுற்றிக் கட்டப் பழைய போர்வை ஒன்று கேட்டான். எடுத்துக் கொடுத்தேன்.

காலையில் நான் செருப்பைப் போடும்போது, "இரு, நானும் வர்றேன்" என்று கூட வந்தான். பூங்காவுக்குள் போனதும் தரையைப் பார்த்தான்.

"இது இன்னாம்மா, காவியில ஒரு அம்பு?"

"எனக்குப் போட்டது."

அவன் சிரித்தான், நான் கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டு. என்னோடு சேர்ந்து நடக்கப் பார்த்தான். டிரில் மாஸ்டர் விடவில்லை. "தம்பி, அந்த ரூட்டு அம்மாவுக்கு மட்டுந்தான். நீங்க மஞ்சள்ல போங்க" என்று திருப்பிவிட்டார். அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

பாதி தூரத்தில் அவன் எதிரே வந்தான். முகம் ஒரு மாதிரி இருந்தது. நின்றுவிட்டான்.

"அம்மா, கேட்டாண்ட ஒரு அம்மா நிக்கறாங்க, குண்டா. வூட்டுக்குக் கெளம்பறாங்களாம். 'எதிர்ல உங்கம்மா வருவாங்க, சொல்லிடு தம்பி'ன்னாங்க. ஆடிக் கூழுக்குக் கேழ்வரகு வாங்கியாச்சாம். முதல் நாளே நீதான் வந்து கரைச்சு வெக்கணுமாம். போன வருஷம் மாதிரி ஆவக் கூடாதாம்."

"ம்."

"நீ ஒத்துக்கினியா?"

"நான்தான் சொன்னேன், முதல் நாளே கரைக்கணும்னு."

அவன் பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிப் போனார்கள். நீலச் சட்டைக்காரர், "பையனா? உங்க ஜாடைதாம்மா" என்று சொல்லிக்கொண்டே ஓடினார். மகன் அவர் போவதைத் திரும்பிப் பார்த்தான், பிறகு காவி அம்பைப் பார்த்தான்.

"அப்ப ஆடிக்கு நீ இங்க இருக்கணுமே."

"இருக்கணும்" என்றேன். சத்தமாகத்தான் வந்தது.

"சரி, அவங்களுக்கு இன்னா சொல்லட்டும்?"

"வர்றேன்னு சொல்லு. ஜல்தியா போ, கேட்டைத் தாண்டிடப் போறாங்க."

அவன் மஞ்சள் அம்பில் வேகமாகப் போனான். நான் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு என் வழியில் நடந்தேன். அன்றைக்குச் சாயந்திரம் அந்த அட்டைப் பெட்டிகளில் ஒன்றில் மல்லாட்டை போட்டு, மருமகளுக்குக் கொடுத்தனுப்பினேன். மற்றவை காலியாகவே போயின.